அண்ணிக்கு, ரசத்தில் உப்பு கூடிய நாளைப் பற்றி

என் பிரியமுள்ள அண்ணிக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று வாசலில் நின்றபடியே சொல்ல நம் பெரும்பாக்கம் பிளாக்கில் இப்போது ஆளில்லை. அண்ணன் தானே சோறு வடிக்கிறான், குழைத்துவிடுகிறான், அதையே தின்கிறான். உனக்கு ஒரு சேதி. அடையாறு விடுதியில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

நமக்கு என்று எழுதத்தான் கை போனது. இரண்டு பேரும் சேர்ந்துதானே கேட்டுப் போனோம்? அங்கே தங்கும் வெளிநாட்டு விருந்தாளிகள் முன்னால் சமைத்துக் காட்ட வேண்டும், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே. உனக்குக் கை, எனக்கு வாய் என்று பிரித்துக்கொண்டோம். நான் ரசம் வைத்தால் புளித்தண்ணி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் நீ.

அந்த வேலைக்காகத்தான் தி.நகரில் சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்புக்குப் போனோம். வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு இலவசம். சாப் என்றால் நறுக்கு, கிரைண்ட் என்றால் அரை, ஸ்டர் என்றால் கிண்டு. கையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாய். நாளைக்குச் செய்யப்போவதைச் சொல்லும் பாடம் வந்தபோதுதான் முரண்டு பிடித்தாய். "நாளைக்கு என்ன சமைப்பீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"அத வீட்டம்மாவத்தான் கேக்கணும் டீச்சர். எனக்கு இன்னா தெரியும்?"

வகுப்பே சிரித்தது. நானும்தான். மயிலாப்பூரில் ஒரே வீட்டில் இருபது வருடம் சமைத்தவள், இன்றைக்கு இதுதான் சமையல் என்று நீயாக முடிவு செய்த நாள் ஒன்றுகூட இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ரெண்டு வாரம் கழித்து நீயாக எழுந்து, "டுமாரோ ஐ வில் குக் வத்தக்குழம்பு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாய்.

அந்த மயிலாப்பூர் வீட்டில் சாமிக்குப் படைக்கும் முன் எதையும் வாயில் வைக்கக் கூடாது. அதனால் உனக்கு உப்பு பார்ப்பதெல்லாம் மூக்கால்தான். கரண்டியைத் தூக்கி ஆவியை முகர்ந்து, "இன்னும் ஒரு சிட்டிகை" என்பாய். ஒரு நாளும் தப்பியதில்லை.

விடுதியில் சமைத்துக் காட்டச் சொன்ன அன்றும் அப்படித்தான் முகர்ந்தாய். "நவ் ஷி வில் ஆட் சால்ட்" என்றேன். போட்டாய். மறுபடி முகர்ந்தாய், மறுபடி போட்டாய். மூன்றாம் முறை நீ உப்புக் கிண்ணத்தை எடுத்தபோதும் என் கவனம் என் இங்கிலீஷ்மேல்தான் இருந்தது. உன் முகத்தைப் பார்க்கவில்லை.

விடுதியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் மட்டும் மரியாதைக்கு முழுக்கக் குடித்தார். எனக்கு அதுதான் பெரிய அவமானமாகப் பட்டது.

பஸ்ஸில் உன்னை என்னவெல்லாம் கேட்டேன்.

"இருவது வருஷமா உப்பு போட்ட கை, இன்னிக்குத்தான் தப்பணுமா? எனக்கு வேல கெடைக்கக் கூடாதுன்னு வேணும்னே செஞ்சியா?"

நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய். "வாசனையே தெரில தேவி. மூக்கு அடைச்சிக்கினு கீது போல."

சாக்கு என்று நினைத்தேன். பெரும்பாக்கம் வரைக்கும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டே வந்தேன். ரெண்டு கதவு தள்ளி இருந்துகொண்டு ஆறு வாரம் உன் வாசலை மிதிக்கவில்லை. அந்த ஆறு வாரமும் வாசனை தெரியாமல் அந்த மயிலாப்பூர் வீட்டில் எப்படிச் சமைத்தாய்? யாருக்கும் தெரியாமல் வாயில் வைத்துப் பார்த்தாயா, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே? யாரிடமாவது சொன்னாயா?

அப்புறம் ஒரு நாள் குளிக்கப் போன இடத்தில் விழுந்தாய். தலைக்குள் கட்டி என்றார்கள். "வாசனை தெரியலைன்னு முன்னாடியே சொல்லியிருப்பாங்களே, யாரும் கவனிக்கலையா?" என்று டாக்டர் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். பேச்சு குழறியது.

"அந்த வேலைக்கு மறுபடி கூப்ட்டா வுட்றாத. சாமிக்கா செய்யப்போற? மனுசங்களுக்குத்தானே. வாய்ல வெச்சிப் பாத்துப் போடு."

மன்னிச்சிடு அண்ணி என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் நீ கண்ணைத் திறக்கவில்லை.

என் இங்கிலீஷ் பிடித்துப்போய் விடுதியம்மா திரும்பக் கூப்பிட்டபோது உனக்காகத்தான் போனேன். போன புதன்கிழமை விருந்தாளிகளுக்கு என் முதல் சமையல் வகுப்பு. கடுகு, பெருங்காயம், தக்காளி, எல்லாம் உன் கணக்குப்படி. உப்பு போட்டு, "நவ் ஐ வில் டேஸ்ட்" என்று சொல்லி ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டேன். சரியாக இருந்தது. உன் ரசமேதான். கண்ணீர் நிற்கவில்லை. மிளகு காரம் என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரம்மா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன், வேறு என்ன செய்ய?

சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். மன்னிச்சிடு அண்ணி. உனக்கு இனி காது கேட்காது, தெரியும். அதனால் உனக்கு ஒரு வாக்கும் தருகிறேன். என் அடுப்பங்கரையில் இனி யார் கை தவறி உப்பைக் கூடப் போட்டாலும், குழம்பைப் பற்றி அப்புறம் பேசுவேன். முதலில், "உடம்புக்கு இன்னா?" என்று கேட்பேன். சொன்னால் நம்புவேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் அதைக் கேட்காத,
உன் நாத்தனார்
தேவி