ஃபேன் நிற்கும்போது சுருதி சேருங்கள்

ரசம் அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. உங்களோடு பேசுவதில்லை என்றுதான் சொன்னேன். எழுதுவதில்லை என்று சொல்லவில்லை.

உங்கள் தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய, முள் ஆடிச் சுருதி காட்டும் கிடார் டியூனரை நேற்று என் வாய்க்கு நேரே நீட்டி, "அலமு, ஒரு 'ஆ' சொல்லு" என்றீர்கள். முள் இடப்பக்கம் சாய்ந்ததும், "சுருதி இறங்கறது. பூஜைப் பந்தல்ல எதிர்வீட்டு வங்காளி மாமி, அந்த பௌதியே பாடட்டும்" என்று தீர்ப்பும் சொன்னீர்கள்.

இன்று நீங்கள் குளிக்கப் போனதும், அதன் முன்னால் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதும் நான் சுருதி இறங்கித்தான் இருந்தேன்! ஃபேனை நிறுத்தினேன். முள் படுத்துக்கொண்டது. நீங்கள் குறை சொன்னது ஃபேனின் சாரீரத்தை.

சாயங்காலம் எப்படியும் லோட்ஷெடிங்கில் கரண்ட் போய் ஃபேன் நிற்கும். டியூனர் பேட்டரியில் ஓடும். அப்போது அதை உங்கள் கிடாரின் துளைக்குப் பக்கத்தில் வைத்து, மற்றக் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக மெதுவாக மீட்டுங்கள். பௌதி விளக்கேற்றிச் சங்கு ஊதி முடிக்கும்வரை பொறுங்கள். அதற்கும் முள் ஆடும்.

லேக் மார்க்கெட்டில் பூ வாங்கப் போகிறேன்.

அலமு

பி.கு.: இஸ்திரிக்காரன் என் பட்டுப்புடவையைக் கொண்டுவருவான், வாங்கி வையுங்கள். இன்று ராத்திரி பந்தலில் பாடப்போவது நான்தான்.