அத்தாவுக்கு அப்போது என்ன வயது?

ஷார்ஜா

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

போனில் சொன்னால் என் குரலை வைத்தே பதறிவிடுவீர்கள். அதனால் ஊருக்கு வரும் வசீமிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் கம்பெனியில் எல்லோருக்கும் இருதயப் பரிசோதனை நடந்தது. குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை, அத்தா வாயுத் தொல்லையில்தான் மவுத்தானார் என்றேன்.

“வாயுவுல யாருங்க சாவாங்க? உங்கப்பாவுக்கு அப்ப என்ன வயசு?” என்றார்.

நாற்பது என்று சொன்னேன். சரிதானா? எனக்கு இப்போது முப்பத்தாறு. பிரஷர் கொஞ்சம் அதிகமாம், மாத்திரை கொடுத்திருக்கிறார். சிகரெட்டை விட்டுவிட்டேன். பிடித்ததே உங்களுக்குத் தெரியாது, திட்டாதீர்கள்.

தம்பி மன்சூரையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். ஊறுகாய் வேண்டாம், உப்பு ஆகாதாம். ஆனாலும் வசீமை வெறுங்கையாகத் திருப்பி அனுப்பாதீர்கள்.

அவன் பெட்டியைக் கட்டிவிட்டான், முடிக்கிறேன். போன மாதம் எனக்கும் நெஞ்சை அடைத்தது. வாயு என்றுதான் நினைத்தேன். அன்று அத்தாவுக்கு நீங்கள் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தீர்கள். இங்கே நானே மூன்று மாடி இறங்கிப் போய் வாங்கிக் குடித்தேன்.

துஆ செய்யுங்கள்.
முபாரக்