வாசல் விளக்கை அணைத்த வருஷம்

பாசமுள்ள ஸ்டெல்லாக்கா,

நம் மர்பி டவுனில் நேற்று வீடு வீடாகப் போய்க் கிறிஸ்மஸ் கேரல்ஸ் பாட ஆரம்பித்துவிட்டார்கள். உன் வீட்டு வாசல் விளக்கு மட்டும் எரியவில்லை. உன் மகள் ரோஸி அணைத்துவிட்டாள். நீ கண்ணை மூடியதிலிருந்து உன் ஹார்மோனியத்துக்குத் துணி போர்த்தி வைத்திருக்கிறாள், சரியாகச் சாப்பிடுவதுமில்லை.

அவளை எப்படித் திட்டுவேன்? நானும் ஒரு வருஷம் அணைத்தவள்தானே.

உங்கள் கேரல்ஸ் கோஷ்டியில் வருஷா வருஷம் சிவப்பு அங்கி போட்டு, கிறிஸ்மஸ் தாத்தாவாக ஆடி அமர்க்களம் பண்ணுவாரே என் வீட்டுக்காரர், அவருக்குப் பக்கவாதம் வந்த வருஷம். கை கால் கொஞ்சம் தேறியது. பேச்சு மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. பிலோமினா என்று என் பெயரைச் சொல்ல வாயைத் திறப்பார், வராது, கண்ணில் தண்ணீர் நிற்கும். சீக்காளி வீட்டில் பாட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று டேப் ரெக்கார்டரைப் பரணில் ஏற்றினேன். கேரல்ஸ் அன்று வாசல் விளக்கையும் அணைத்தேன். விளக்கு அணைந்த வீட்டில் பாட மாட்டார்கள், அது நம் தெரு வழக்கம்.

நீயும் தாண்டித்தான் போனாய். ஆனால் மறுநாள் காலையில் ஹார்மோனியத்தோடு தனியாக வந்து நின்றாய். வெட்கமாயில்லையா என்று வாசலிலேயே கத்தினேன். என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய், அவர் எப்போதும் ஆடுகிற பாட்டை ஆரம்பித்தாய். ரெண்டாவது அடியில் சட்டென்று நிறுத்தினாய்.

மிச்சத்தை அவர் பாடினார் அக்கா. ஒரு வார்த்தை சிதையவில்லை.

நான் அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதேன். "அழுதது போதும். அந்த டேப்ப எறக்குடி" என்றாய்.

அப்புறம் தினமும் சர்ச்சில் பூசை முடிந்து நேரே எங்கள் வீடுதான். அதே மெட்டில் தண்ணி வேணும், கால் வலிக்குது என்று பாட வைத்தாய். அவராகப் பாடிய முதல் வரி, ரசத்தில் உப்பில்லை என்பது. படுபாவி மனுஷன்! அந்தச் சந்தோஷத்தில் உப்பில்லாத ரசத்தை ரெண்டு தம்ளர் குடித்தேன். பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு மிஞ்சும் என்று டாக்டரம்மா பிறகுதான் சொன்னார். உனக்கு யார் சொன்னது? கேட்காமலே விட்டுவிட்டேன்.

இப்போது அவர் நன்றாகவே பேசுகிறார். என் பெயரை மட்டும் இன்னும் அந்த மெட்டில்தான் கூப்பிடுகிறார். பால்காரர் தினமும் கன்னடத்தில் கேலி செய்கிறார். எனக்கென்ன, கூப்பிட ஆள் இருக்கிறாரே. அது நீ கொடுத்தது. உயிரோடு இருந்தபோது ஒரு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மன்னித்துவிடு.

நாளைக் காலையில் நானும் அவரும் உன் வீட்டுக்குப் போகிறோம். ரோஸி வாசலிலேயே கத்துவாள், கத்தட்டும். ஹார்மோனியத்துத் துணியை எடுத்துவிட்டு, அதே பாட்டை அவர் ஆரம்பிப்பார். ரெண்டாவது அடியில் நிறுத்துவார். மிச்சத்தை அவள் பாடும்வரை நாங்கள் எழுந்து வரமாட்டோம். இது சத்தியம்.

உன் எதிர்வீட்டுத் தங்கச்சி,
பிலோமினா