அக்காவின் காலில் நான் போட்ட கட்டு

மீன்கூடையோடு வந்து மயிலாப்பூர்த் தெருக்களையே அதட்டிய என் அஞ்சலை அக்காவுக்கு,

நேற்று ஆபீசில் என் மானம் போயிற்று. துரைக்குக் குனிந்து சலாம் போட்டேன். தலைப்பாகைக்குள் செருகியிருந்த கட்டுத்துணிச் சுருள் விழுந்து, அவிழ்ந்துகொண்டே உருண்டு, அவர் மேஜைக்கடியில் போய் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துவைத்து வைத்த துணி. அழுக்குப் படாத இடம் வேறு கிடைக்கவில்லை. "இன்னா துலுக்காணம், மூளை அவுந்து வுயுந்துச்சா?" என்றார் குமாஸ்தா. டவாலி போட்ட சேவகன் மேஜைக்கடியில் தவழ்ந்ததை நீ பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

துணி யாருக்கு என்கிறாயா? என் மகள், உன் மருமகள் மரகதத்துக்கு. நீ இடுப்பில் தூக்கித் திரிந்த குழந்தைக்கு இப்போது பதினெட்டு வயது. உனக்கு வந்த அதே யானைக்கால், அதே இடது கால்.

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் அழைத்துப் போனேன். உனக்குச் சொன்னதையே சொன்னார்கள். ஆறு வாரம் காலைத் தலையணைமேல் உயர்த்திப் படுக்க வேண்டும், தினமும் கட்டுப் போட்டு வீக்கத்தை வடிக்க வேண்டும், பிறகுதான் கத்தி. கத்தி வைத்த பிறகும் கட்டை விடக்கூடாது, விட்டால் வீக்கம் திரும்பி வந்துவிடும்.

கட்டு என்றதும் என் கை தானாகத் தலைப்பாகைக்குப் போயிற்று.

உனக்கு நினைவிருக்கிறதா? நர்சம்மா கட்டிக் காட்டியபோது நான் வராந்தாவில் என் டவாலிப் பட்டையின் பித்தளை வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வீட்டில், துணி நழுவக்கூடாதென்று முழங்காலில் இறுக்கி ஆரம்பித்துக் கீழ்நோக்கிச் சுற்றினேன்.

"விரல்லேர்ந்துதானேடா மேல சுத்திக்கினு போச்சி அந்தம்மா?" என்றாய்.

"தெனம் பன்னெண்டு முழம் தலையில சுத்துறவன் நானு. ஒரு கால் சுத்தத் தெரியாதா எனக்கு?"

"உன் தலைக்குள்ள ஒண்ணுங் கெடையாது, எப்டி சுத்துனாலும் நிக்கும். இது காலுடா!"

நான் சிரித்தேன். நீயும் சிரித்துவிட்டுக் காலை நீட்டினாய். ஏன் நீட்டினாய், அக்கா? பிடுங்கி எறிந்திருக்கக் கூடாதா?

நாலாம் நாள் பாதம் தவலைபோல வீங்கி, விரலிடுக்கில் தோல் வெடித்துக் காய்ச்சல் வந்தது. ஜட்காவில் போட்டு ஓடினோம். டாக்டர் கட்டை அவிழ்த்தார். முழங்காலடியில் துணி பதிந்த பள்ளத்தைப் பார்த்து, "யார் இப்படிக் கட்டியது?" என்று கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய்: "நானேதான் சாமி கட்டிக்கினேன்."

வாயைத் திறப்பதற்குள் என்றா எழுதினேன்? பொய். திறக்கவே இல்லை. டாக்டர் உன்னைத் திட்டித் தீர்க்கும்வரை என் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய். கட்டு சரியாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாயா? கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

இந்த முறை நர்சம்மாவின் எதிரில் பள்ளிக்கூடப் பையன்போல் உட்கார்ந்து கற்றேன். நாற்காலிக் காலில் பழகினேன். கால்விரலில் தொடங்கி மேலே. கீழே இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. ஆறு வாரத்தில் மரகதத்தின் கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. போன மாதம் கத்தி வைத்தார்கள். தையல் பிரித்தாகிவிட்டது. இப்போதும் காலையில் அவள் எழுமுன் நான்தான் கட்டுகிறேன்.

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் காட்டியபோது புது டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரம்மா இவ்வளவு நன்றாகக் கட்டியது?"

மரகதம் வாயெடுக்குமுன்னே, "நான்தாங்க!" என்று முந்திக்கொண்டேன், அக்கா. அதே கேள்வி. இந்த முறை என்ன வேகம் எனக்கு!

வரும் வழியெல்லாம் டிராமில் நான் தலை நிமிரவில்லை. "இன்னா நைனா, டாக்டர் மெச்சுனா அழுவுறியே?" என்று மரகதம் கேலி செய்தாள். அத்தை காய்ச்சலில் போனாள் என்றுதான் அவளுக்குத் தெரியும். நாளைக் காலை அவள் காலில் துணி வைக்குமுன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அதற்குமுன் உன்னிடம், அன்று அந்த டாக்டரிடம் சொல்லாததை:

நான்தான் கட்டினேன்.

உன் தம்பி,
துலுக்காணம்