அவசரத்துக்கு எழுதிக் கொடுத்த எண்

உலு திராம்

அன்பு மகள் தர்மினிக்கு அம்மா எழுதுவது. டப்ளினில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம் என்று எழுத வந்தேன், ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நீ திறப்பதில்லை. காகிதத்தையாவது வைத்திருந்து என்றைக்காவது படிப்பாய் என்று தபாலில் போடுகிறேன்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. உன் யோகேஸ்வரி மாமிதான் குளுவாங்கிலிருந்து வந்து தன் தம்பிக்காக எல்லாவற்றையும் முன்னின்று செய்தார். அன்று நான் அழவில்லை. வந்தவர்கள் இவளுக்கு நல்ல மனத்தைரியம் என்றார்கள், மாமி மட்டும் சமையலறையில் எல்லோர் காதிலும் விழும்படி, "தைரியமா, அது அந்தக் காட்டுக்குள்ள போய் கத்துக்கிட்டு வந்த கல்லு மனசு" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. தியானத்தில் சொல்லிக் கொடுத்த சமநிலை இதுதான் என்றுகூட உள்ளுக்குள் ஒரு நிறைவு வந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மறுநாள் காலை கடையில் என் வாய் தன்னால் நாசி லெமாக் இரண்டு பொட்டலம், ஒன்றில் சம்பல் குறைவாக என்று கேட்டது. சம்பல் குறைவாகச் சாப்பிடுகிற உன் அப்பாதான் இப்போது இல்லையே. காருக்குள் உட்கார்ந்து கதறிவிட்டேன். அதுவரை என்னிடம் இருந்தது சமநிலை இல்லை, மரத்துப்போனது என்று அப்போதுதான் தெரிந்தது.

நீ என்னிடம் கேட்டாய், "ஏன்மா பொய் சொன்னீங்க" என்று. அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். இரண்டு வருடமாக நான் ஞாயிற்றுக்கிழமைகளில் புத்த விகாரையில் உட்கார்ந்து வருவது உனக்குத் தெரியும். மாமி கேட்டது, "புள்ளையார் பத்தாதாம்மா, மொட்டைச்சாமியும் வேணுமா?" நீயும் போனில், "அலமாக், அம்மா சாமியாராகப் போறாங்களா" என்று சிரித்தாய். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய், தெரியும். இருந்தாலும் பத்து நாள் மௌனத்துக்குப் போகிறேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாகிவிட்டது. அலுவலகப் பயிற்சி, கோலாலம்பூரில், போன் எடுக்க முடியாது என்று உன்னிடமும் எல்லோரிடமும் சொன்னேன். அப்பாவுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். பாலோ ஊரைத் தாண்டி எண்ணெய்ப் பனைகளுக்கு நடுவே இருந்த அந்தத் தியான நிலையத்துக்கு அவரே காரில் கொண்டுபோய் விட்டார். "நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன், நீ நல்லா மூச்சு விட்டுட்டு வா" என்று சிரித்தார். போனை வாங்கிப் பூட்டி வைத்தார்கள். படிவத்தில் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில் அவருடைய எண்ணை எழுதினேன். எனக்கு ஏதாவது ஆனால் என்றுதான் அந்தக் கேள்வி, அவருக்கு ஆனால் யார் என்னை அழைப்பார்கள் என்று நினைக்கவே இல்லை. அன்று மாலை பொய் சொல்ல மாட்டேன் என்று மற்றவர்களோடு சேர்ந்து சீலமும் எடுத்தேன். சொன்ன பொய் வெளியில் அப்படியே இருந்தது.

அப்பா போன செய்தி கேட்டு நீ விமானத்தில் வந்து இறங்கி என் அலுவலகத்துக்கு அழைத்தபோது அவர்கள் லீவில் இருக்கிறார் என்றார்கள். கோலாலம்பூரும் இல்லை, பயிற்சியும் இல்லை. அந்த மூன்று நாள் என்னைப் பற்றி நீ என்ன நினைத்திருப்பாய், மாமி உன் காதில் என்ன போட்டிருப்பார் என்று நான் கேட்கவில்லை. நான் மௌனத்தில் இருந்த எட்டாம் நாள், இனியும் காத்திருக்க முடியாது என்று நீயே அப்பாவுக்குக் கொள்ளி வைத்தாய். என் பிள்ளை தனியாக அங்கே நின்றதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ இறுகுகிறது. அதைப் பார்க்கிறேன். பார்த்தால் போய்விடும் என்று இப்போது நம்புவதில்லை. போகவில்லை என்பதையும் பார்க்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது, இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா அப்பாவைப் போர்ச்சில், ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் விழுந்து கிடக்கக் கண்டது ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் நான் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை தர்மினி. உடம்பே இல்லாததுபோல் இருந்தது. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பத்தாம் நாள் போன் கைக்கு வந்தபோது உன்னுடைய அழைப்புகளுக்கெல்லாம் முன்னால் அவருடைய செய்திகள் ஆறு இருந்தன, நாளுக்கு ஒன்று. நான் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறார். கடைசியில், "சொதி இன்னிக்கும் திரைஞ்சு போச்சு. யாரும் திட்டலை, ருசியே இல்லை" என்று இருந்தது.

வாசலில் வைத்து நீ சொன்னாய், "பத்து நாள் மூச்சைப் பார்த்தீங்க, அப்பாவோட கடைசி மூச்சை யார் பார்த்தா?" இப்போதும் தினமும் காலையில் உட்காருகிறேன், அமைதி வேண்டி இல்லை, அந்தக் கேள்வியிலிருந்து ஓடிவிடாமல் இருக்க. எல்லா உயிரும் நலமாயிருக்கட்டும் என்ற நினைப்பைத் தன்னிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். என்னிடமிருந்து தொடங்க முடியவில்லை. உன்னிலிருந்து தொடங்குகிறேன், பெரும்பாலும் உன்னோடேயே நேரம் முடிந்துவிடுகிறது.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. என்மேல் உள்ள கோபத்தில் அப்பாவுக்காக அழுவதை அடக்கி வைக்காதே, நான் செய்த தப்பு அது. என்னை மன்னிக்கும்படி கேட்க மாட்டேன். நீ எங்கிருந்தாலும் எந்தக் குறையும் இல்லாமல் நல்லா இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். போன வாரம் கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன், பயப்பட ஒன்றுமில்லை. அங்கேயும் அதே படிவம், அதே கேள்வி. பழக்கத்தில் அப்பாவின் எண்ணைப் பாதி எழுதிவிட்டேன். அடித்துவிட்டு உன் எண்ணை எழுதினேன், ஏழு கடல் தாண்டி இருக்கிறாளே என்று அந்தத் தாதி கேட்டும் மாற்றவில்லை. நான் அழைத்தால் நீ எடுக்க வேண்டாம். மலேசியாவிலிருந்து தெரியாத எண் அழைத்தால் மட்டும் எடு, பிள்ளை.

உன் அம்மா,
தேன்மொழி ரவீந்திரன்