சலவைக்கூடப் பள்ளியை ஞாயிறு வரை பூட்டாதிருக்க வேண்டி

அனுப்புநர்:
ஹில்ப்பா குவோஸ்மனென்,
நகராட்சிக் குடியிருப்பு, இரண்டாம் மாடி
(விளக்கு எரியாத படிக்கட்டுப் பக்கம்),
கைஸ்லாரந்தா, பின்லாந்து.

பெறுநர்:
கட்டட அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், கைஸ்லாரந்தா.

பொருள்: எங்கள் சலவைக்கூடத்தில் நடக்கும் கோடைக் கலைப்பள்ளியை வெள்ளிக்கிழமை பூட்டும் உத்தரவை நிறுத்தி வைப்பது தொடர்பாக.

பார்வை: அதைப் பூட்டச் சொல்லி நானே கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இராது.

1. படிக்கட்டு விளக்கு பற்றி மனு கொடுத்தேன், பதில் இல்லை. என் கணவர் காலத்திலிருந்து எங்களுடையதாக இருந்த, கட்டடத்தின் பொது நீராவிக் குளியலறையில் வெள்ளிக்கிழமை முறையை எதிர்வீட்டு தைமி ருவோட்சலாவுக்குத் தூக்கிக் கொடுத்தது பற்றிப் பல மனுக்கள் கொடுத்தேன், பதில் இல்லை. இந்த ஒரு மனுவுக்கு மட்டும் ஒரே வாரத்தில் முத்திரையோடு உத்தரவு வந்திருக்கிறது. இத்தனை வேகம் தங்கள் அலுவலகத்துக்கு உண்டென்று எனக்குத் தெரியாது.

2. மேற்படி பள்ளியில் ஆசிரியர் என்று தனியாக யாரும் இல்லை. கலைக்கல்லூரி பிடிக்காமல் வெளியே வந்த சில பிள்ளைகள் கோடைக்கு மட்டும் அங்கே ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகத் தூங்கி, ஆளுக்கொரு நாள் தங்களுக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோடை முடிந்தால் பள்ளியும் முடிந்தது. சான்றிதழ் கிடையாது.

3. இவர்கள் மரப்பலகையில் படம் செதுக்கி, மை தடவி, படுக்கை விரிப்புகளைச் சுருக்கம் போக அழுத்தும் நம் பெரிய உருளையில் விட்டு அச்செடுத்தார்கள். உருளையைத் துடைக்கவில்லை. என் கல்யாண விரிப்பை அதில் விட்டேன். மறுபக்கம் கருப்பு மீனோடு வெளியே வந்தது. அன்றே தங்களுக்கு மனுவைத் தபாலில் போட்டுவிட்டு, நேரிலும் திட்டலாம் என்று கீழே இறங்கினேன்.

4. அங்கே வில்யா என்ற பெண், நான் வாயைத் திறக்குமுன், "சண்டைய அப்புறம் வச்சுக்கலாம் பாட்டி, காபி ஆறிடும்" என்று கோப்பையை நீட்டினாள். நீட்டிய காபியை வேண்டாம் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது என்பது தாங்கள் அறிந்ததே. உட்கார்ந்து குடித்தேன். ஏலக்காய் பன்னும் கொடுத்தார்கள், சரியாக வேகவில்லை. இரண்டாவது கோப்பை குடித்த பிறகுதான், அந்த மேசையில் உட்கார்ந்தவர் எல்லாரும் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர் என்ற விதியைச் சொன்னார்கள். இப்படித்தான் நான் சேர்ந்தேன். ஏமாற்றித்தான் சேர்த்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

5. காபி வாசனை பிடித்துக்கொண்டு தைமியும் வந்து சேர்ந்தாள். நீராவிக் குளியலில் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக் கட்டைக் கட்டுவது எப்படி என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவள் கட்டியது இரண்டு அடியில் அவிழ்ந்துவிடும். இருந்தும் எல்லாரும் கைதட்டினார்கள்.

6. பிறகு வில்யா என்னிடம், "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சது என்ன பாட்டி?" என்று கேட்டாள். இந்த வயது வரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "எனக்குக் கெடுதல் செஞ்சவங்க மூஞ்சி ஒண்ணுவிடாமத் தெரியும்." சிரிப்பார்கள் என்று நினைத்தேன். "அதையே சொல்லிக்குடுங்க" என்றார்கள்.

ஆகவே சனிக்கிழமை என் வகுப்பு: நினைவிலிருந்து முகம் செதுக்குதல். மாதிரிக்கு அய்லி டீச்சரைச் செதுக்கி வைத்திருக்கிறேன். நான் வரைந்த குதிரையை வகுப்பு முழுவதும் பார்க்கத் தூக்கிக் காட்டி, "இவளுக்குக் கை எதுக்கு, மாடு மேய்க்கக் கால் போதும்" என்றவர் அவர். உதட்டோர மச்சம், கண்ணாடிக் கயிறு எல்லாம் அப்படியே வந்திருக்கிறது. அச்சில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவருக்கு அப்போது என் பேத்தி வயதுதான் இருக்கும். மன்னித்துவிட்டேன் என்று தாங்கள் எண்ண வேண்டாம்.

7. இந்நிலையில் தங்கள் உத்தரவு கதவில் ஒட்டப்பட்டது. தைமி அதை இரண்டு முறை சத்தமாகப் படித்துவிட்டு, "அடடா ஹில்ப்பா, என் கிளாஸ் முடிஞ்சுது, உன்னுது நடக்காது போலிருக்கே! நல்லா எழுதியிருக்கடி மனு!" என்றாள். இதை நான் எவ்வளவு காலம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத் தாங்களே யோசிக்கவும். அவள் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறாள்.

8. எனவே பார்வையில் கண்ட மனுவை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விளக்கு, குளியல் முறை பற்றிய மனுக்கள் அப்படியே நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தாங்களே கூட்டிப் பெருக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பூட்டு தேவையில்லை. என் ஒரு நாளை எனக்கு விட்டுத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை பூட்டத்தான் வேண்டும் என்றால், ஆளை அனுப்பாமல் தாங்களே நேரில் வரவும். இத்தனை மனு கொடுத்தும் தங்களை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒருமுறை பார்த்தால் எனக்குப் போதும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து, தீட்டிய உளியுடன்,

ஹில்ப்பா குவோஸ்மனென் (கையொப்பம்)

இடம்: கைஸ்லாரந்தா
நாள்: ஆகஸ்ட் 12, செவ்வாய்