வண்டியை யார் ஓட்டுகிறார்கள்?

ஆர்ஹுஸ், டென்மார்க்
11 ஜூன் 1994

அன்பு மகன் பாவோவுக்கு,

நலம். வண்டியும் நலம். நீ முதலில் கேட்கப்போவது வண்டியைத்தான் என்பதால் அதையும் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். கென்ட்டிலிருந்து இங்கே வரும்வரை ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒழுகவில்லை. காலையில் கிளப்பினால், படுத்திருந்த மாடு எழுந்திருப்பதுபோல முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு முன்பக்கத்தைத் தூக்கி எழுந்து நிற்கிறது. கூடாரம் போட்டிருக்கும் பிள்ளைகள் அதைப் பார்க்கவே சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள்.

இந்தச் சிட்ரோயன் காரை வாங்கிய வருஷமே நார்வேயின் வடமுனைவரை போகலாம் என்றார் உன் அப்பா. சமையலறைச் சுவரில் வரைபடம்கூட ஒட்டினார். அப்புறம் கோடைக்கு ஒரு சாக்கு. மழை, தூசி, சரளைக்கல். ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைவரை போய்வந்து, துடைத்து மூடிவைப்பதோடு சரி. அவர் போய் இரண்டு வருஷமாகிறது. எனக்கு அறுபத்தேழு. மழையாவது தூசியாவது என்று கிளம்பிவிட்டேன். நீ வழியனுப்பக்கூட வரவில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேரில் வாய் வரவில்லை. தைரியம் வந்ததும் எழுதுகிறேன். அடுத்த கடிதத்தைக் கோதன்பர்க்கில் நம் சிட்ரோயன் சங்கத்து ஹொல்கர் வீட்டுக்கு அனுப்பு. முகவரி சங்கத்துக் கையேட்டில் இருக்கிறது.

உன் அம்மா,
கோடலீவ


கென்ட், பெல்ஜியம்
17 ஜூன் 1994

அன்புள்ள அம்மா,

வழியனுப்ப வந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதனால்தான் வரவில்லை.

உங்கள் தலைமுறைக்கு ஓட்டுநர் தேர்வே கிடையாது. நகராட்சியில் போய் எனக்கு ஓட்டத் தெரியும் என்று சொன்னால் உரிமத்தை நீட்டிவிட்டார்கள். அப்பா இருந்தவரை நீ ஸ்டீயரிங்கைத் தொட்டது துடைப்பதற்கு மட்டும்தான். நீ டென்மார்க்வரை போய்ச் சேர்ந்ததை என் மனைவி காத்ரைன் கொண்டாடுகிறாள். நான் தினமும் செய்தித்தாளில் விபத்துச் செய்தியைத் தேடுகிறேன்.

வண்டியைத் தூக்கி நிறுத்தும் எண்ணெய் குறைந்தால் சிவப்பு எண்ணெய் மட்டும் ஊற்று. பச்சையை ஊற்றினால் உள்ளே ரப்பர் எல்லாம் போச்சு. அப்புறம், எனக்கு ஒரு சத்தியம் செய்து கொடு. வேறு யாரையும் ஓட்ட விடாதே. அப்பா எனக்கே கொடுத்ததில்லை. அவர் விட்டுப்போனதில் அவர் இன்னும் இருப்பதுபோல இருக்கும் ஒரே பொருள் அதுதான்.

என்ன விஷயம்? உடம்புக்கு ஏதாவதா? மறைக்காதே.

பாவோ


ஆஸ்டர்சுண்ட், ஸ்வீடன்
26 ஜூன் 1994

அன்பு பாவோ,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கொசுக்கடியைத் தவிர. இங்கே கொசுக்கள் குருவி அளவுக்கு இருக்கின்றன, ராத்திரியும் இருட்டுவதில்லை. ஹொல்கர் வீட்டில் வினிகரில் ஊறிய மீனைக் காலையிலேயே வைத்தார்கள். மரியாதைக்குச் சாப்பிட்டேன்.

சத்தியம் கேட்டிருக்கிறாய். என் வயதுக்கு யாரும் சத்தியம் கேட்பதில்லை, புத்திமதிதான் கேட்பார்கள். அடுத்தது ட்ரோன்ட்ஹைம். அங்கே கொஞ்ச நாள் தங்க வேண்டியிருக்கும், அந்த ஊர் அஞ்சலகத்துக்கு எழுது.

அம்மா


கென்ட்
6 ஜூலை 1994

அம்மா,

நேற்று சங்கத்தில் கூட்டம். கஸ்பார் நார்வேயிலிருந்து திரும்பி வந்திருந்தார். எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வண்டிதான்டா, நம்பரைப் பார்த்தேன். வெள்ளை மீசை வெச்ச ஒரு ஆளு ஓட்டிட்டு வர்றான். நான் விளக்கைச் சிமிட்டுறேன், கை காட்டுறேன், திரும்பிக்கூடப் பாக்கல. கல்லு மாதிரி போறான். நம்ம ஆளுங்கள்ல எவன்டா அப்படிப் போவான்?"

நம் வண்டிக்காரன் எவனும் எதிரே வரும் இன்னொரு சிட்ரோயனுக்குக் கை காட்டாமல் போகமாட்டான் என்று உனக்குத் தெரியும். "திருட்டுப்பயதான், போலீஸ்ல சொல்லிடு" என்றார் ஒருவர். எனக்கு ராத்திரி தூக்கமில்லை. உனக்கு என்ன ஆயிற்று என்று யாரைக் கேட்பது?

வண்டியை யார் ஓட்டுகிறார்கள்?

பாவோ


ட்ரோன்ட்ஹைம், நார்வே
11 ஜூலை 1994

அன்பு பாவோ,

போலீஸ் வேண்டாம். அவர் பெயர் ஃபிர்மின். நம் ஊர்க்காரர், மனைவியை இழந்தவர். நீச்சல் குளத்தில் வயசானவர்களுக்கான வகுப்பில் பழக்கம். காலமெல்லாம் டிராம் ஓட்டியவர், அதாவது ஸ்டீயரிங் இல்லாமல். முதல் நாள் ஒவ்வொரு வளைவிலும் நான், "தண்டவாளம் இல்லங்க, திருப்புங்க!" என்று கத்திக்கொண்டே வந்தேன். இப்போது நன்றாக ஓட்டுகிறார். முதல் நாளிலிருந்து பாதி வழி அவர், பாதி வழி நான்.

கஸ்பார் கதையைக் கேள். நம் ஊரில் எதிரே வருபவன் விளக்கைச் சிமிட்டினால் என்ன அர்த்தம்? முன்னால் போலீஸ் நிற்கிறது, வேகத்தைக் குறை. ஃபிர்மினுக்கு அது ஒன்றுதான் தெரியும். "போலீஸ் இருக்காம் கோடலீவ, நேரா பாரு, எதுவும் பேசாத" என்று முதுகை நிமிர்த்திக்கொண்டு ஊர்ந்தார். கை காட்டியிருக்க வேண்டியவள் நான். ஆனால் கஸ்பாரை அடையாளம் தெரிந்ததும், பள்ளிக்கூடத்துப் பெண்போலக் குனிந்து ஒளிந்துகொண்டேன். அப்புறம் நாங்கள் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியிருந்தது.

சொல்ல நினைத்தது இதுதான். ஊர் திரும்பியதும் அவர் என் வீட்டுக்கு வந்துவிடுவார். உன் அப்பாவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அவர் பக்கத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எப்போதும் ஆற்றங்கரையோடு திரும்பிவிடுவோம். நான் அதற்கப்பால் பார்க்க வேண்டும்.

உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. நீ சரி என்று சொன்னால் நன்றாயிருக்கும் என்று ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான். போடோ நகர அஞ்சலகத்துக்கு எழுது.

உன் அம்மா


கென்ட்
16 ஜூலை 1994

அம்மா,

யாரோடு இருக்கிறாய் என்பது உன் விருப்பம். வண்டி அப்பாவுடையது. அதை வீட்டுக்கு அனுப்பிவிடு.

பாவோ


போடோ, நார்வே
22 ஜூலை 1994

பாவோ,

நீ கேட்டபடியே செய்துவிட்டேன். கார்களை இறக்கிவிட்டுக் காலியாகத் தெற்கே திரும்பும் லாரி ஒன்று கிடைத்தது. வியாழக்கிழமை வாக்கில் உன் வாசலுக்கு வரும். ஃபிர்மின் சக்கரத்து இடுக்கெல்லாம் துடைத்துத்தான் ஏற்றினார். லாரி திரும்பும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. "வண்டிக்காகவா, பையனுக்காகவா?" என்று கேட்டார்.

மீதி வழி பேருந்தில் போகிறோம். ஹம்மர்ஃபெஸ்டில் மாரித் என்ற அம்மாள் நடத்தும் விடுதியில் ஆகஸ்ட் நடுவரை இருப்போம். ஃபிர்மினுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது.

நீ எழுதினால் படிப்பேன். எழுதாவிட்டால் உன் மேல் கோபமில்லை. ஆனால் இனி நானாக எழுதமாட்டேன்.

கோடலீவ


கென்ட்
30 ஜூலை 1994

அன்புள்ள அம்மா,

வண்டி வந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. லாரியிலிருந்து இறக்கும்போது காத்ரைன் வாசலில் நின்றுகொண்டு, "வண்டி வந்தாச்சு, சந்தோஷமா? அம்மா வரலையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கொட்டகைக்குள் விட ஏறி உட்கார்ந்தேன். அப்பா குள்ளம், அவர் இருக்கை எப்போதும் முன்னால் நெருக்கித் தள்ளியிருக்கும். அவர் போனபிறகு உன் வீட்டுக் கொட்டகையில் அதில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அதை நகர்த்த மனம் வந்ததில்லை. முட்டி இடிக்க இடிக்கவே உட்காருவேன். இப்போது அது பின்னால் தள்ளியிருந்தது. கோபத்தோடு பழைய இடத்துக்கு இழுக்கக் கை வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், முட்டி இடிக்கவில்லை. அந்த மனிதரும் என் உயரம்தான் போல. இருக்கையை அப்படியே விட்டுவிட்டேன், அம்மா. பிறகு கொட்டகைக்குள் விடாமல் ஊரைச் சுற்றி ஓட்டினேன். ஆற்றைத் தாண்டியும் போனேன். முதல் தடவை.

இரண்டு வாரம் விடுமுறை கேட்டு வாங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை கிளம்புகிறேன். முழங்கால் வீங்கியவரைப் பேருந்தில் ஏற்றி இறக்காதே. வடமுனைக்கு நம் வண்டியிலேயே போகலாம்.

அவரை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வழி நீளம், யோசித்துக்கொண்டு வருகிறேன். அதுவரை இரண்டு பேரும் அங்கேயே இருங்கள்.

உன் மகன்,
பாவோ